ஷூவுக்குள் பேப்பர் வைத்திருப்பவர்கள்

பெரிய ஷூக்கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அங்கே எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அளவக்கா. வாசலில் நுழைகிற ஆளின் காலைப் பார்த்ததுமே ‘ஏழு’, ‘ஒன்பது’ என்று சொல்லிவிடுவாள். பிறகு தகடு வைத்து அளந்து பார்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை அதுவாகத்தான் இருக்கும். பத்தாவது தடவையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தகடு என்றால் கால் அளக்கிற தகடு. ஒரு முனையில் குதிகால் அணைய ஒரு குழி, மறுமுனையில் விரலைத் தொடும்வரை தள்ளுகிற சின்ன உலோகக் கட்டை, நடுவில் எண்கள். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் உட்கார்ந்துகொண்டு அளந்தால் அது பொய் சொல்லும். எழுந்து நின்று உடம்பின் பாரம் இறங்கினால்தான் கால் தன் முழு நீளத்தையும் காட்டும். காலையில் அளப்பதைவிடச் சாயங்காலம் அளப்பது மேல். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் உப்பியிருக்கும். பெருவிரலை மட்டும் பார்த்தாலும் போதாது. சிலருக்கு அடுத்த விரல் முந்திக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் கேட்கிறவருக்கும் சொல்வாள், கேட்காதவருக்கும் சொல்வாள்.

ஆனால் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் எல்லாம் ஒரே காலோடு முடிந்துவிடும். ஆட்கள் வந்து உட்காருவார்கள், வலது காலை நீட்டுவார்கள். வலது காலில் புது ஷூவைப் போட்டு, எழுந்து நின்று, கண்ணாடியில் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு, பேக் பண்ணுங்க” என்பார்கள். இடது காலில் பழைய ஷூ அப்படியே இருக்கும். இரண்டு நாள் கழித்துச் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

“இடது கால் கடிக்குதும்மா.”

அப்போதுதான் அளவக்கா இரண்டு கால்களையும் அளப்பாள். வலது எட்டு என்றால் இடது ஒன்பது இருக்கும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள தூரம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். ஆனால் அந்த நகத்தகலத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க நடந்து பார்த்தால், நடந்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஒரு நாள் மேனேஜரிடம் போய் நின்றாள்.

“சார், இடது ஒரு அளவு, வலது ஒரு அளவுன்னு பிரிச்சுக் குடுத்தா என்ன?”

“பெட்டிக்குள்ள ரெண்டு இருந்தாத்தாம்மா அது சரக்கு. ஒண்ணு போயிட்டா மத்தது குப்பை.”

“குப்பை எப்படி ஆகும் சார்? இடது ஒன்பது, வலது எட்டுன்னு ஒருத்தர் எடுத்துட்டுப் போனா, மிச்சம் நிக்கிறது இடது எட்டு, வலது ஒன்பது. அந்த மாதிரி கால் உள்ளவர் ஒருத்தர் வராமலா போயிடுவார்?”

“வருவார், வருவார். நாம ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனப்புறம் சாவகாசமா வருவார்.”

மேனேஜர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகச் சொன்னாலும் போகவில்லை.

வீட்டில் சொன்னாள். கணவர் பஸ் டிரைவர். அதிகம் பேசாத ஆள். சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

“செய்யேன்” என்றார்.

“இத்தனை வருஷச் சேமிப்புங்க. கவுந்துட்டா?”

“நான் வண்டி ஓட்டறேன்ல. வண்டி ஓடற வரைக்கும் சோறு இருக்கு.”

“வண்டி நின்னுட்டா?”

“நீ இருக்கியே, தள்ளறதுக்கு.”

அப்படித்தான் அந்தக் கடை பிறந்தது. மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் கை நீட்டினால் சுவரைத் தொடுகிற அகலத்தில் ஒரு அறை. இடப்பக்கச் சுவர் முழுக்க இடது ஷூக்கள். வலப்பக்கச் சுவர் முழுக்க வலது ஷூக்கள். நடுவில் ஒரு ஸ்டூல், தகடு, கண்ணாடி. வாசலில் பலகை: ‘இரண்டு காலுக்கும் தனித்தனி அளவு.’

பலகை மாட்டிய அன்றே ஜெராக்ஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

“ஏன்க்கா, ஒத்தக் கால் உள்ளவர் வந்தா பாதி விலையா?”

“ஆமா, பாதி விலைதான்” என்றாள் அவள், சிரிக்காமல்.

மூன்றாவது வாரம் அப்படி ஒருவர் வந்தார். ஜெராக்ஸ்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வந்தவர் இவ்வளவு காலமும் ஜோடியாக வாங்கி ஒன்றைத் தூரப் போட்டுக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு இடது ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கிய பிறகு, ஜெராக்ஸ்காரர் அன்று முழுக்க ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஆட்கள் வந்தார்கள். கடிபட்டவர்கள், கொப்புளம் கண்டவர்கள், இடது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே நுழைந்தவர்கள். அளந்து, இடப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று, வலப்பக்கச் சுவரிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பாள். போட்டுக்கொண்டு நாலு அடி நடப்பார்கள். ஐந்தாவது அடியில் முகம் மாறும். அந்த ஐந்தாவது அடிக்காகத்தான் அவள் கடையே வைத்தாள் என்று சொல்லலாம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மிச்சத்தில் வந்தது.

தராசின் இரண்டு தட்டு போல இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இடது பெரியவர்கள் பாதிப் பேர், வலது பெரியவர்கள் பாதிப் பேர். ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், வந்தவர்கள் அத்தனை பேரும் இடது கால் பெரியவர்கள். வலது பெரியவர் என்று ஒருவர்கூட இல்லை. சின்ன இடதும் பெரிய வலதுமாக மிச்சம் நின்றுகொண்டே போனது. ஷூ செய்து தரும் பட்டறையில் ஜோடியாகத்தான் தருவார்கள். ஆக, விற்ற ஒவ்வொரு ஜோடிக்கும் விற்காத ஒரு ஜோடி பிறந்தது. இடப்பக்கச் சுவரில் எட்டுகள் பிதுங்கின. வலப்பக்கச் சுவரில் ஒன்பதுகள். இடது ஒன்பது கேட்டு வந்தவரை வெறும் கையோடு அனுப்ப வேண்டியிருந்தது.

கடை கொள்ளாமல் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. வீட்டில் இடம் இல்லாமல் மாடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஏறின. டிரைவரின் அக்கா அவர், அளவக்காவுக்கு அண்ணி.

“உன் கடையில எவ்வளவு விக்குதுன்னு நான் கேக்கலம்மா” என்றார் அண்ணி. “விக்காததைத்தான் தினமும் பாக்குறேனே, என் கட்டிலுக்கு அடியில. நேத்து திரும்பிப் படுத்தேன், கட்டில் என்னோட சேர்ந்து திரும்பல.”

“இன்னும் கொஞ்ச நாள் அண்ணி.”

“இருக்கட்டும், இருக்கட்டும். என் கட்டில் உயரமா ஆயிட்டு வருது. முட்டி வலிக்கு நல்லதுதான்.”

அந்த மாதத்தில் மேனேஜர் போன் செய்தார். “உன் இடம் இன்னும் காலியாத்தாம்மா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி வேற ஆள் போட்டாகணும். முப்பதாம் தேதி மத்தியானம் கூப்பிடறேன். வர்றியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். புதுச் சரக்கு எடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. கையில் இருந்ததெல்லாம் அண்ணியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வலது பெரிய கால்கள் இந்த ஊரில் கிடையாது போலிருக்கிறது, அவ்வளவுதான். முப்பதாம் தேதி ‘வர்றேன் சார்’ என்று சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் “சரி” என்பார். அந்தச் சரியைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு வரட்டும் என்று காத்திருந்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நல்ல மழை. டிரைவர் தொப்பலாக நனைந்து வந்து, ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத் தலை துவட்டப் போனார்.

நனைந்த ஷூவைக் காயவைக்க ஒரு முறை இருக்கிறது. அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைக்கக் கூடாது, தோல் வெடித்துவிடும். செய்தித்தாளைக் கசக்கி, முன்பக்கம் விரல் நுனிவரை திணிக்க வேண்டும். தாள் தண்ணீரை உறிஞ்சும். ஷூவின் உருவமும் குலையாது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைக்க வேண்டும். அளவக்கா தூக்கத்தில்கூட அதைச் செய்வாள். வலது ஷூவுக்குள் தாளைத் திணித்தாள். இடது ஷூவுக்குள் திணித்தாள். போகவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஏதோ இருந்தது.

விரலை விட்டு நெம்பி இழுத்தாள். நாலாக மடித்து, இன்னும் நாலாக மடித்து, விரல் அச்சு பதிந்து கட்டையாகிப்போன ஒரு காகிதம். பிரித்துப் பார்த்தாள். பஸ் டிப்போவில் கொடுக்கும் டிரிப் ஷீட். தேதி பதினோரு மாதத்துக்கு முந்தையது. அந்த ஜோடியை அவள் வாங்கிக் கொடுத்த மாதம்.

“என்னங்க, இது என்ன?”

துண்டோடு வந்தவர் அதைப் பார்த்ததும், ஒளித்து வைத்த மிட்டாயோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

“அது சும்மா. கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு.”

“இந்த ஜோடியா?”

“எல்லா ஜோடியும்தான்.”

“எத்தனை வருஷமா?”

“நீ கல்யாணத்துக்கு அப்புறம் முதல் ஜோடி வாங்கிட்டு வந்தியே, அதுல இருந்து.”

அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதம். ‘அளக்கவே இல்லைங்க, பாத்தே சொன்னேன், ஒன்பது!’ என்று அவர் முன்னால் கையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவர் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். அப்புறம் வருடத்துக்கு ஒரு ஜோடி, ஒன்பது, அளக்காமல்.

“வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ அவ்வளவு பெருமையாச் சொன்ன. எனக்கும் பெருமையா இருந்துச்சு. வலி ஒண்ணும் இல்லையே. கடிச்சாத்தான் சொல்லணும். தொளதொளன்னு இருந்தா ஒரு பேப்பர், அவ்வளவுதானே.”

அவள் தகட்டை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள். “நில்லுங்க. ரெண்டு கால்லயும் பாரத்தைப் போட்டு நில்லுங்க.” மண்டியிட்டு அமர்ந்து, பதினாறு வருடத்தில் முதல் முறையாக, தன் கணவரின் கால்களை அளந்தாள். வலது ஒன்பது. இடது எட்டு.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது நல்லா இருக்கே! ஊர்க் காலையெல்லாம் அளந்தா. வீட்டுக்குள்ள ரெண்டு கால் நடந்துட்டு இருக்கறது இவ கண்ணுக்குத் தெரியல.”

“அண்ணி, உங்க கட்டிலைக் கொஞ்சம் தூக்கணும்” என்றாள் அளவக்கா.

கறுப்பில், இடது எட்டு, வலது ஒன்பது. தேடவே வேண்டியிருக்கவில்லை, கைவைத்த பெட்டியெல்லாம் அதுதான். அவர் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது அடியில் நின்று குனிந்து இடது காலைப் பார்த்தார்.

“என்னமோ மாதிரி இருக்கு” என்றார். “கால் ஷூவோடயே வருது.”

அளவக்கா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். எதையோ கேட்டுக்கொண்டிருப்பவள்போல் தலையைச் சாய்த்தாள்.

“கடிச்சாத்தான் சொல்லணும்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“எல்லாரும் வலது காலைத்தான் நீட்டறாங்க. வலது காலுக்குச் சரியான அளவைத்தான் வாங்கறாங்க. அப்போ இடது கால் பெருசா இருக்கிறவருக்கு இடது ஷூ சின்னதாப் போகும், கடிக்கும். கத்திக்கிட்டு என் கடைக்கு வருவார். வலது பெருசா இருக்கிறவருக்கு?”

“இடது தொளதொளன்னு இருக்கும்.”

“கடிக்காது. கடிக்காதவர் கத்த மாட்டார். பேப்பரை வெச்சுக்கிட்டுப் பேசாம இருப்பார்.” அவள் குரல் தழைந்தது. “ஊர்ல இல்லாம இல்லைங்க. இருக்காங்க. குறை சொல்லிட்டு வர்றவங்களை மட்டும் எண்ணிட்டு, சொல்லாதவங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுட்டேன்.”

அவர் இன்னும் நாலு அடி நடந்து பார்த்தார். பிறகு, “டிப்போவுல எல்லாரும் ஷூ போட்டுத்தான் ஆகணும்” என்றார். “நாளைக்கு மத்தியானம் ஷிஃப்ட் மாறும்போது வா.”

அப்போதுதான் அவள் மேனேஜரின் போனைப் பற்றியும், தான் செய்திருந்த முடிவைப் பற்றியும் சொன்னாள். அவர் “சரி” என்று சொல்லவில்லை. “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குல்ல” என்றார்.

மறுநாள் காலை ஜெராக்ஸ்காரரிடம் போய் ஒரு தாளை நீட்டினாள். “இதைப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடுங்க.”

அவர் வாய்விட்டுப் படித்தார். “‘ஷூவுக்குள் பேப்பர் வைத்திருப்பவர்கள் உள்ளே வரவும்.’ ஏன்க்கா, இதைப் பாத்துட்டு எவனாவது உள்ள வருவானா? மானம் போயிடாது?” சிரித்துக்கொண்டே மெஷினைத் தட்டிவிட்டார். தாள் வெளியே வருவதற்குள் சிரிப்பு குறைந்தது. தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“அக்கா, அட்டை வெச்சிருந்தா?”

“அட்டையும் பேப்பர்தான். சாயங்காலம் வாங்க, அளக்கிறேன்.”

டிப்போவில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஓய்வறையில் நீள பெஞ்சு இரண்டு, தண்ணீர்க் குழாய், சுவரில் ஓடாத கடிகாரம். டிரைவர்களும் கண்டக்டர்களுமாக முப்பது பேர் இருப்பார்கள். அண்ணி ஒரு மூட்டைப் பெட்டி, டிரைவர் ஒரு மூட்டைப் பெட்டி என்று கொண்டுவந்து இறக்கினார்கள். தன் கட்டிலை விடுவிக்கும் எந்தக் காரியத்துக்கும் தான் முன்னால் நிற்பதாக அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“லீவு கேட்டு எத்தனையோ பேர் காலைப் பிடிச்சிருக்கேன்” என்றார் பெஞ்சில் இருந்த ஒரு மூத்த கண்டக்டர். “என் காலைப் பிடிக்க ஒருத்தர் வர்றது இதான் முதல் தடவை. வாம்மா, வா.”

எல்லோரும் சிரித்தார்கள். அளவக்கா தகட்டைத் தரையில் வைத்தாள்.

“யாராவது ஷூவுக்குள்ள பேப்பர், பஞ்சு ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

சிரிப்பு நின்றது. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். இன்னொருவருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. இடது கால் பெரியவர்களுக்கு வந்ததுபோல வலி இவர்களுக்குத் துணையாக வரவில்லை. வெட்கம் மட்டும்தான் இருந்தது. அளவக்கா தகட்டையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு தப்பாகிவிட்டதோ?

டிரைவர் முன்னால் வந்தார். பையிலிருந்து தன் பழைய இடது ஷூவை வெளியே எடுத்தார். பதினாறு வருடம் ஒருவரிடமும் சொல்லாத மனிதர், முப்பது பேர் பார்க்க அதற்குள் விரலை விட்டு, திரும்பவும் மடித்துச் செருகியிருந்த அந்த டிரிப் ஷீட்டை இழுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

“என் பொண்டாட்டி ஷூக்கடைக்காரி” என்றார். “எனக்கே இதுதான் கதி. உங்களுக்கு என்னய்யா வெட்கம்?”

பிறகு மூத்த கண்டக்டர் முனகிக்கொண்டே குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பஞ்சுப் பொதி வந்தது. ஜன்னலைப் பார்த்தவர் கழற்றினார், பழைய சாக்ஸ். தாகம் எடுத்தவர் கழற்றினார். ஒரே காலில் மூன்று சாக்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாக. “அடப்பாவி, நீயுமா?” என்று யாரோ கத்த, அந்த அறையில் பெஞ்சு இழுபடும் சத்தமும் சிரிப்புமாக எழுந்தது. எல்லோரும் இல்லை, ஏழெட்டுப் பேர். ஆனால் ஒரு அறையில் ஏழெட்டுப் பேர். இந்த ஊரில் எத்தனை அறைகள்!

அளவக்கா மண்டியிட்டு அளக்கத் தொடங்கினாள். அண்ணி பெட்டிகளைப் பிரித்து, “இடது எட்டு யாருக்குப்பா? என் தூக்கத்தைக் கெடுத்த ஷூ, பத்திரமாப் போட்டுக்கோ” என்று எடுத்துக் கொடுத்தார்.

மூத்த கண்டக்டர் தகட்டில் ஏறி நின்றபோது அவள் போன் அடித்தது. மேனேஜர். டிரைவர் போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.

“என்னம்மா முடிவு பண்ணின? வர்றியா?”

அவள் உலோகக் கட்டையைக் கண்டக்டரின் விரல் நுனிவரை மெல்லத் தள்ளினாள். பெருவிரல் இல்லை, அடுத்த விரல்தான் முந்தி நின்றது.

“இல்ல சார். அந்த இடத்துக்கு நல்ல ஆளாப் போடுங்க. ரெண்டு காலையும் அளக்கச் சொல்லுங்க” என்றாள். “வெச்சிடறேன் சார், ஒரு கால் கையில இருக்கு.”